மாமியார், நாத்தனார், பொடிசுகள் சகிதம் பாலைவன ஆர்வி பார்க்கில் தங்குவது எப்படி?

குளிர்காலத்தில் மொத்தக் குடும்பத்தையும் எங்கே கூட்டிப்போவது என்று தென் கலிபோர்னியாவில் யார் கேட்டாலும் நான் பாலைவனத்தைத்தான் சொல்வேன். எங்கள் கூட்டம் இப்படி: ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தை, மாமா, அதாவது என் மாமியார், மாமனார். ஃபீனிக்ஸிலிருந்து நாத்தனார் குடும்பம். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து என் தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய இரண்டு வாண்டுகள். அப்புறம் நாங்கள். ஹோட்டலில் அறை போட்டால் ஆளுக்கொரு மாடி. ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்தினால் கதை முடிந்தது. பெரிய வீடாக வாடகைக்கு எடுத்தால் ஒரே சமையலறை, அதில் நான்கு பெண்கள். ஆர்வி என்பது படுக்கை, கழிப்பறை, அடுப்பு எல்லாம் உள்ள வண்டி; அதை வாடகைக்கு நிறுத்தித் தங்கும் இடம் ஆர்வி பார்க். அங்கே அவரவர் கதவு அவரவருக்கு, நடுவில் உட்கார்ந்து பேச ஒரு முற்றம்.

ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆர்வியை வீடாக நினைக்காதீர்கள். அது படுக்கையறையும் கழிப்பறையும்தான். சமையல், சாப்பாடு, அரட்டை, சீட்டாட்டம் எல்லாம் வெளியில். இதை வைத்துத்தான் இடம், வண்டி, மின்சாரம், தண்ணீர் எல்லாவற்றையும் முடிவு செய்யவேண்டும். "மழை வந்தா?" என்று கேட்பீர்கள். பாலைவனத்தில் மழையைவிடக் காற்றுதான் தொல்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

எந்த மாதம், எந்த ஊர்

நவம்பர் முதல் மார்ச் வரை. ஏப்ரல் பாதியைத் தாண்டினால் வேண்டாம். கோடையில் வாடகை மலிவாக இருக்கிறதே என்று யாராவது ஆசை காட்டுவார்கள். உலகிலேயே அதிகமாகப் பதிவான வெப்பநிலை இங்கேதான்: 1913 ஜூலை 10 அன்று டெத் வேலியின் ஃபர்னஸ் கிரீக்கில் 134 டிகிரி ஃபாரன்ஹீட். ஆர்வி கூரையில் இருக்கும் ஏசி வெளிவெப்பத்திலிருந்து சுமார் 20 டிகிரி குறைத்தாலே பெரிய விஷயம். வெளியே 110 என்றால் உள்ளே 90. அதில் வயதானவர்களை எப்படிப் படுக்க வைப்பது? அதே ஃபர்னஸ் கிரீக்கில் ஜனவரிப் பகல் 65, 70 டிகிரி. சால்வை போர்த்திக்கொண்டு வெயிலில் உட்காரலாம்.

டெத் வேலி அழகுதான், ஆனால் ஃபர்னஸ் கிரீக் கேம்ப்கிரவுண்டில் தண்ணீர், மின்சாரம், கழிவுக் குழாய் மூன்றும் உள்ள ஃபுல் ஹூக்கப் சைட்டுகள் (ஒரு சைட் என்றால் ஒரு வண்டி நிறுத்தும் இடம்) மொத்தமே 18. ஆறு மாதம் முன்பே முன்பதிவு திறக்கும், திறந்ததும் பறக்கும். ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் கேம்ப்கிரவுண்டுகளில் ஹூக்கப்பே கிடையாது, இளசுகள் போகட்டும். அரிசோனா எல்லைப் பக்கம் குவார்ட்சைட் என்று ஓர் ஊர், குளிர்காலத்தில் எங்கு பார்த்தாலும் ஆர்விதான். அங்கே அமெரிக்க ராணுவத்துக்கு ஒட்டகம் ஓட்ட வந்த ஹாஜி அலியின் கல்லறை இருக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் வாயில் நுழையாமல் அவர் பெயர் ஹை ஜாலி ஆகிவிட்டது. கல்லறை மேல் ஒரு பிரமிடு, அதன் உச்சியில் ஒட்டகம். பார்க்க வேண்டியதுதான், ஆனால் குடும்பத்தோடு தங்க எனக்கு அந்த நெரிசல் ஒத்துவராது.

என் ஓட்டு பொரெகோ ஸ்பிரிங்ஸுக்கு. சான் டியேகோவிலிருந்து இரண்டு மணி நேரச் சொச்சம். சுற்றிலும் கலிபோர்னியாவின் மிகப் பெரிய மாநிலப் பூங்காவான ஆன்சா-பொரெகோ. பூங்காவின் பாம் கேன்யன் கேம்ப்கிரவுண்டிலும் ஹூக்கப் சைட்டுகள் உண்டு; மாநிலப் பூங்காக்களுக்கு முன்பதிவு செய்யும் ரிசர்வ் கலிபோர்னியா இணையதளத்தில் ஆறு மாதம் முன்பு காலை 8 மணிக்குத் திறக்கும். ஊருக்குள் தனியார் பார்க்குகளும் இருக்கின்றன. பெரியவர்கள் வருவதானால் தனியார் பார்க்கே மேல்: சூடான குளியலறை, துணி துவைக்கும் இயந்திரம், சில இடங்களில் நீச்சல் குளம்.

பணம் கட்டுவதற்கு முன் தொலைபேசியில் கேளுங்கள்

தளத்தில் படிப்பது போதாது. கூப்பிட்டுப் பேசுங்கள். முதல் கேள்வி: "55-பிளஸ் பார்க்கா?" பாலைவனத்தில் நிறைய பார்க்குகள் ஓய்வுபெற்றவர்களுக்காகவே நடக்கின்றன. அங்கே மாமாவுக்கு ராஜ மரியாதை கிடைக்கும், வாண்டுகளுக்கு வாசலிலேயே தடை. இரண்டாவது, வண்டியின் வயது. பத்து வருடத்துக்கு மேல் பழைய ஆர்வியைச் சில பார்க்குகள் ஏற்பதில்லை. வாடகைக்கு எடுக்கும் வண்டியின் வருடத்தையும் நீளத்தையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். மூன்றாவது, ஒரு சைட்டுக்கு எத்தனை பேர். ஆறு, எட்டு என்று வரம்பு இருக்கும்; மேலே போனால் தலைக்கு இவ்வளவு என்று கேட்பார்கள், அல்லது முடியாது என்பார்கள். இரண்டாவது காருக்கு இடம் உண்டா, பக்கத்தில் கூடாரம் போடலாமா என்பதும் இதோடு சேர்த்தி.

துணி காயப்போடும் கயிறு கட்டலாமா என்று நான் கேட்பேன். சிரிக்காதீர்கள். பல பார்க்குகளில் கொடி கட்டத் தடை. மாமாவின் எட்டு முழ வேட்டி ஆர்விக்கும் மரத்துக்கும் நடுவில் பறப்பதைப் பார்த்து அலுவலகத்திலிருந்து ஆள் வந்து சொல்லும்போது அவருக்கு முகம் சுண்டிப்போகும். முன்கூட்டியே தெரிந்தால் வீட்டிலேயே, "மாமா, அங்க டிரையர் இருக்கு, கொடி கட்ட விடமாட்டாங்க" என்று சொல்லிவிடலாம். வாயில்லாக் கோபம் பாதி இப்படித்தான் வருகிறது.

வண்டி: எத்தனை, எப்படி நிறுத்துவது

விளம்பரத்தில் "எட்டுப் பேர் படுக்கலாம்" என்று போட்டிருந்தால் அது நான்கு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள் என்று அர்த்தம். ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் கிளாஸ் சி வண்டியாக இரண்டு எடுப்பது, ஒரே பெரிய வண்டியைவிட நல்லது. கூட்டம் பத்தைத் தாண்டினால் பார்க்கிலேயே கேபினோ, பார்க் மாடல் எனப்படும் குட்டி வீடோ வாடகைக்குக் கிடைக்குமா பாருங்கள். அதைப் பெரியவர்களுக்குக் கொடுத்துவிடலாம். ஆர்வியின் படி உயரம், குறுகல். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ராத்திரி இரண்டு முறை ஏறி இறங்குவது தண்டனை. கேபின் கிடைக்கவில்லை என்றால் கைப்பிடி வைத்த மடக்குப் படி ஒன்றை வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள்.

இப்போது நான் சொல்லப்போவதை யாரும் முதலில் கவனிப்பதில்லை. ஆர்வியின் கதவும் வெயில் தடுக்கும் ஆனிங்கும் வலது பக்கம். கழிவுக் குழாய், தண்ணீர்க் குழாய், மின்கம்பி எல்லாம் இடது பக்கம். அடுத்தடுத்து இரண்டு சைட் எடுத்து இரண்டு வண்டியையும் ஒரே திசையில் நிறுத்தினால், உங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே நாத்தனார் வண்டியின் கழிவுக் குழாய். அவர்கள் வாசலோ அந்தப் பக்கம். கூப்பிட்டால் கேட்காது. அதனால் "பட்டி சைட்" (buddy site, ஜோடி சைட்) இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு வண்டி மூக்கு முன்னால் நுழையும், இன்னொன்று பின்புறமாக நுழையும். இரண்டு கதவும் எதிரெதிரே திறக்கும். நடுவில் கிடைக்கும் அந்த இருபதடிதான் முற்றம், கூடம், சாப்பாட்டு அறை எல்லாமே. இது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

ஓட்டத் தயக்கமாக இருந்தால் ஓட்டவே வேண்டாம். தனிநபர்களின் ஆர்வியை வாடகைக்கு விடும் தளங்களில், உரிமையாளரே வண்டியைப் பார்க்கில் கொண்டுவந்து நிறுத்தி, மட்டம் பார்த்து, குழாய்களை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போகும் வசதி உண்டு. கூடுதல் கட்டணம்தான், ஆனால் நீங்கள் எல்லோரும் காரில் போகலாம். முதல்முறை போகிறவர்களுக்கு நான் இதையே சொல்வேன். கூட்டிப் பார்த்தால் மைல் கணக்கில் வசூலிக்கும் வாடகை, ஒரு காலனுக்கு எட்டோ பத்தோ மைல் மட்டும் தரும் பெட்ரோல் செலவு எல்லாம் மிச்சம்.

ஓட்டுவதென்றால், 40 அடி வரை நீளமுள்ள மோட்டார்ஹோமுக்குக் கலிபோர்னியாவில் சாதாரண கார் உரிமமே போதும். ஓடும் வண்டியில் அத்தை எழுந்து நடந்துபோய் மைக்ரோவேவில் பால் சூடு செய்யக்கூடாது. எத்தனை சீட் பெல்ட்டோ அத்தனை பேர்தான் ஏறலாம், படுக்கை எண்ணிக்கை வேறு கணக்கு. பொரெகோவுக்கு மேற்கிலிருந்து இறங்கும் எஸ்-22 சாலை 3,000 அடிக்கு மேல் வளைந்து வளைந்து விழும். காட்சி அபாரம், பிரேக் பாவம். ஆர்வியை அதில் இறக்காமல் 78ஆம் நெடுஞ்சாலை வழியாகவோ, கிழக்கே சால்டன் சிட்டியிலிருந்து வரும் தட்டையான பாதையிலோ கொண்டுவாருங்கள். காரில் வருகிறவர்கள் அந்த இறக்கத்தை ரசித்துக்கொள்ளட்டும். பெட்ரோலைப் பாலைவனத்துக்குள் நுழைவதற்கு முன்பே நிரப்பிவிடுங்கள்.

இன்னொன்று, ஊரிலிருந்து பெற்றோர் வந்திருந்தால் மறக்கவே கூடாது. மெக்சிகோ எல்லையை ஒட்டிய இந்தப் பகுதியில் ஐ-8, 86 போன்ற சாலைகளில் எல்லைக் காவல் சோதனைச் சாவடிகள் உண்டு. விசாவில் வந்தவர்கள் பாஸ்போர்ட்டையும், நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவான ஐ-94இன் அச்சுப்பிரதியையும் கையில் வைத்திருக்கவேண்டும். வீட்டு லாக்கரில் பத்திரமாக இருந்து பயனில்லை. கிரீன் கார்டு, எச்1பி உள்ளவர்களும் அப்படியே. "எல்லாத்தையும் இந்த ஒரு கவர்ல போட்டு முன் சீட்டுக்காரர்கிட்ட குடுங்க" என்று கிளம்பும்போதே வாங்கிவிடுங்கள்.

கரண்ட் கணக்கு

சைட்டின் ஓரத்தில் ஒரு மின்பெட்டி நிற்கும். அதில் மூன்று கால் பிளக் என்றால் 30 ஆம்ப், நான்கு கால் என்றால் 50 ஆம்ப். பெயரைப் பார்த்து வித்தியாசம் 20 ஆம்ப்தானே என்று நினைப்பீர்கள். 30 ஆம்பில் கிடைப்பது 3,600 வாட். 50 ஆம்பில் இரண்டு தனி லைன் வருவதால் 12,000 வாட். மூன்று மடங்குக்கு மேல்.

3,600ஐ நம் வீட்டுக் காலைப்பொழுதோடு பொருத்திப் பாருங்கள். ஹீட்டர் 1,500. கெட்டில் 1,500. ஆறு குவார்ட் இன்ஸ்டன்ட் பாட் எனும் மின்சார குக்கர் 1,000. இதற்குள் வரம்பு தாண்டியாயிற்று. தம்பி மனைவி குளித்துவிட்டு வந்து ஹேர் டிரையரைத் தட்டினால் மொத்த வண்டியும் இருட்டு. அப்போது, "யாரு எதைப் போட்டது?" என்று ஒரு குரல் வரும் பாருங்கள், அந்தக் குரலில்தான் சண்டை ஆரம்பிக்கும். இரண்டு வண்டியாக இருப்பதில் இதுவும் லாபம்: இரண்டு மின்பெட்டி. கெட்டில் ஒரு வண்டி, இன்ஸ்டன்ட் பாட் இன்னொரு வண்டி என்று பிரித்துவிடுங்கள். வண்டிக்குள் ஒரு சர்க்யூட்டில் 15 அல்லது 20 ஆம்ப்தான் தாங்கும் என்பதால், 50 ஆம்ப் சைட்டிலும் ஒரே பக்கத்துப் பிளக்குகளில் இரண்டு ஹீட்டர் போட்டால் பிரேக்கர் விழும். எங்கள் பழக்கம், கதவுக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டிவிடுவது: "ஒரே நேரத்தில் ஒன்றுதான் — கெட்டில் / ஹீட்டர் / ஹேர் டிரையர்." மாமா தன் கையெழுத்தில் எழுதினால் யாரும் மீறமாட்டார்கள்.

மாட்டும்போது மின்பெட்டியின் பிரேக்கரை அணைத்துவிட்டுப் பிளக்கைச் செருகி, பிறகு போடுங்கள். நடுவில், மின்னழுத்தம் திடீரென்று எகிறினால் காக்கும் சர்ஜ் புரொடெக்டர் ஒன்று இருக்கட்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸி வண்டியில் வேலை செய்யாது. கன்வெர்ட்டர் வைத்து வித்தை காட்ட வேண்டாம். தேங்காய்ச் சட்னியை வீட்டிலேயே அரைத்துச் சின்னச் சின்ன டப்பாக்களாக ஃப்ரீசரில் வைத்து எடுத்து வாருங்கள்.

தண்ணீர், தொட்டிகள், மாப்பிள்ளை மரியாதை

தண்ணீர்க் குழாய்க்கும் வண்டிக்கும் நடுவில் பிரஷர் ரெகுலேட்டர் கட்டாயம். சில பார்க்குகளில் தண்ணீர் வரும் வேகத்துக்கு வண்டிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் குழாய் பிய்த்துக்கொள்ளும். குடிநீருக்கென்று உள்ள வெள்ளை அல்லது நீல ஹோஸை மட்டும் பயன்படுத்துங்கள். பாலைவனத் தண்ணீர் பொதுவாக உப்புக் கலந்த கடின நீர். குளிக்க, பாத்திரம் கழுவ ஆகும். காபிக்கும் பருப்பு வேகவும் கேனில் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன், அதாவது நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, குடிக்க மட்டும் கணக்குப் போடுங்கள். குளிர்காலத்தில் வியர்வை தெரியாது, காற்று உறிஞ்சிவிடும். "எனக்குத் தாகமே எடுக்கல" என்று சொல்லும் பெரியவர்கள்தான் சாயங்காலம் தலை சுற்றுகிறது என்பார்கள். அத்தைக்கு ஒரு சொம்பில் அளந்து வைத்துவிடுவேன். மத்தியானத்துக்குள் ஒன்று, ராத்திரிக்குள் இன்னொன்று.

வாட்டர் ஹீட்டர் கொள்ளளவு 6 அல்லது 10 காலன். ஒருவர் குளித்தால் அடுத்தவர் அரை மணி காத்திருக்கவேண்டும். பெரியவர்கள் வண்டியில் குளிக்கட்டும், மற்றவர்கள் துண்டை எடுத்துக்கொண்டு பார்க்கின் குளியலறைக்குப் போகட்டும். ஜோஷுவா ட்ரீ போல உயரமான பாலைவனங்களில் ராத்திரி உறைநிலைக்குப் போகும். அங்கே படுக்கும் முன் ஹோஸைக் கழற்றி வடித்துவிடுங்கள்.

கழிவுத் தொட்டி இரண்டு. கழிப்பறைக்கு கறுப்பு, குளியலுக்கும் பாத்திரத்துக்கும் சாம்பல். ஃபுல் ஹூக்கப் என்றால் சாம்பல் வால்வைத் திறந்தே வைக்கலாம். கறுப்பை ஒருபோதும் திறந்து வைக்காதீர்கள். திறந்து வைத்தால் தண்ணீர் ஓடிவிடும், மற்றது தங்கும், குவியும், காயும். அதை உடைப்பது பெரும்பாடு. மூடி வைத்து, மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் ஒரே வீச்சில் திறக்கவேண்டும். முதலில் கறுப்பு, பிறகு சாம்பல். சோப்புத் தண்ணீர் ஹோஸை அலசிக்கொண்டு போகும். அதற்காக முந்தின நாள் ராத்திரியே சாம்பல் வால்வை மூடி, தண்ணீர் சேர்த்து வையுங்கள்.

நம் பெரியவர்கள் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள் என்பது இங்கே ஒரு வரப்பிரசாதம். காகிதம் போட்டுச் சேர்ப்பவர்கள் வண்டியில்தான் அடைப்பு வரும். ஆனால், "தொட்டி ரொம்பிடுமேம்மா" என்று பயந்து அத்தை அரை மக்கு ஊற்றுவார். தாராளமாக ஊற்றச் சொல்லுங்கள், நிறைந்தால் திறந்துவிடப்போகிறோம், அவ்வளவுதான். கழிப்பறையில் தண்ணீர் விடக் காலால் அழுத்தும் பெடல் எப்படி வேலை செய்கிறது என்று போன உடனே ஒவ்வொருவருக்கும் காட்டுங்கள். பெரியவர்கள் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். வெட் வைப்ஸ் எதுவும் உள்ளே போகக்கூடாது, பாக்கெட்டில் எதை எழுதியிருந்தாலும் சரி. சாம்பார், ரசம் மிச்சத்தை வடிகட்டிச் சக்கையைக் குப்பையில் போடுங்கள். எண்ணெயைக் காகிதத்தில் துடையுங்கள். சாம்பல் தொட்டி நாறினால் கறுப்பே தேவலை என்று தோன்றும்.

கறுப்புத் தொட்டியை யார் திறப்பது? வேலையைச் செய்ய ஐந்து நிமிடம், முடிவு செய்ய அரை நாள். நாத்தனார் கணவர் கையுறையை மாட்டிக்கொண்டு முன்னால் வருவார், நல்ல மனுஷன். அத்தைக்கு அது பொறுக்காது. "மாப்பிள்ளை எதுக்கு இதெல்லாம் தொடணும்? டேய், நீ போடா" என்று என் கணவரை விரட்டுவார். மகன் இரண்டாவது முறையும் போனால், மருமகளுக்கு முகம் மாறும், அது நான்தான். தீர்வு, சீட்டுக் குலுக்கிப் போடுவது. வாண்டுகளைக் குலுக்கச் சொல்லுங்கள். மாப்பிள்ளை பேர் வந்தால் கடவுள் சித்தம். செலவுக் கணக்கும் அதே மாதிரி, கிளம்பும் முன்பே ஒருவர் கையில். பெரியவர்கள் காதில் விழும்படி யாரும் டாலர் பேசவேண்டாம், அவர்கள் உடனே 80ஆலோ 90ஆலோ பெருக்கிப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டைக் குறைப்பார்கள்.

படுக்கை

பின்பக்கப் பெரிய கட்டில் பெரியவர்களுக்கு, கழிப்பறை பக்கத்திலேயே. மேல்தட்டு குழந்தைகளுக்கு, தடுப்பு வலை மாட்டி. சாப்பாட்டு மேசையை மடித்துப் போடும் படுக்கையை மட்டும் யோசித்துக் கொடுங்கள். லேட்டாக எழுந்திருப்பவர் அதில் படுத்தால் காலைக் காபிக்கு மேசை கிடையாது, எல்லோரும் அவரைச் சுற்றி நின்று மெதுவாக இருமுவார்கள். விடியற்காலை நாலரைக்கு எழும் அத்தையும் எட்டு மணி வரை தூங்கும் தம்பியும் ஒரே வண்டியில் இருக்கக்கூடாது. ஒருவர் நடந்தால் வண்டியே ஆடும். வண்டி ஆடாமல் தாங்கும் ஸ்டெபிலைசர் ஜாக்கை இறக்கினால் கொஞ்சம் குறையும், போகாது. ராத்திரி டிகாக்ஷன் போட்டு வெளி மேசைக்கு அருகில் பெட்டியில் வைத்துவிட்டால், அத்தை சால்வையோடு இறங்கிப்போய்த் தானே கலந்துகொண்டு சூரிய உதயம் பார்ப்பார்.

சமையலும் வடாமும்

வண்டிக்குள் கடுகு தாளிக்காதீர்கள். புகை அலாரம் ஒருபுறம் கத்தும், மிளகாய் நெடி மெத்தையில் ஏறி வாடகைக்காரர் சுத்தம் செய்யும் கட்டணம் கேட்பார். 20 பவுண்ட் புரொபேன் சிலிண்டர், இரண்டு பர்னர் கேம்ப் ஸ்டவ், கனமான மேசை ஒன்று: சமையலறை தயார். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அதற்கு மறைவாக வண்டியின் ஓரம் போடுங்கள், ஆனால் ஆனிங்குக்கு அடியில் கூடாது.

வண்டியின் கேஸ் ஃப்ரிட்ஜ் குளிர அரை நாளுக்கு மேல் ஆகும். வண்டி மட்டமாக நிற்கவும் வேண்டும். காய்கறியை வீட்டு ஃப்ரிட்ஜிலேயே குளிரவைத்து ஏற்றுங்கள். மாவுக்கும் பாலுக்கும் தனி ஐஸ் பெட்டி. ராத்திரி 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குப் பக்கம் இறங்கும் ஊரில் மாவு வெளியில் பொங்காது. மைக்ரோவேவுக்குள் ஒரு டம்ளர் வெந்நீரோடு மாவுப் பாத்திரத்தை வைத்துக் கதவை மூடினால் காலையில் பொங்கியிருக்கும். மறந்துபோய் யாரும் ஆன் செய்துவிடாமல் அதிலும் ஒரு தாளை ஒட்டுங்கள்.

இந்த வறண்ட காற்றைப் பார்த்ததும் அத்தைக்கு கை துறுதுறுக்கும். ஊரில் கூழ் வடாமுக்கு மாசி வெயில் வரக் காத்திருக்கவேண்டும். இங்கே ஜனவரியிலேயே வெயிலும் வறட்சியும் சேர்ந்து கிடைக்கிறது. ஆகவே பச்சரிசி மாவும் ஜவ்வரிசியும் சாமானில் இருக்கட்டும். எங்கள் வழக்கம்: பிக்னிக் மேசையில் பிளாஸ்டிக் விரிப்பு, நான்கு மூலைக்கும் கல். அத்தை கரண்டியால் ஊற்ற, வாண்டுகள் விரலால் தேய்க்க, காலை ஒன்பதுக்கு ஊற்றியது மத்தியானம் மூன்றுக்கு விளிம்பு சுருண்டு தானாக உரிந்து வரும். மேலே ஒரு பழைய மல் வேட்டியைக் கட்டிவிடவேண்டும், இல்லாவிட்டால் கடிக்கும்போது மணல். ஒருமுறை பார்க் மேலாளர் தன் கோல்ஃப் வண்டியில் மெதுவாகக் கடந்துபோனவர், திரும்பி வந்து, நின்று பார்த்தார். விதிப் புத்தகத்தில் கொடி உண்டு, வடாம் இல்லை. பொரித்து நாலு கொடுத்தோம்.

காற்று, கள்ளி, வானம்

ஆனிங்கை விரித்துவிட்டு ஊர் சுற்றப் போகாதீர்கள். காலையில் இலை அசையாத இடத்தில் மத்தியானம் திடீரென்று காற்று எழுந்து, கம்பியோடு பிய்த்துக் கூரைமேல் மடக்கிப் போட்டுவிடும். வாடகை வண்டியில் அது ஆயிரம் டாலரைத் தாண்டும் பழுது. உட்கார்ந்திருக்கும்போது மட்டும் விரியுங்கள், எழுந்தால் சுருட்டுங்கள்.

வாண்டுகளுக்கு முதல் நாளே காட்டவேண்டியது சோய்யா கள்ளி. தூரத்தில் பஞ்சுப் பொம்மை மாதிரி இருக்கும், தொட்டால் ஒரு கணு கழன்று கையில் ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் அந்தக் கையிலும் ஏறும். அகலப் பல் சீப்பை முள்ளுக்கும் தோலுக்கும் நடுவில் நுழைத்து ஒரே தள்ளாகத் தள்ளிவிடவேண்டும், எதிரே யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு. மிச்ச முள்ளுக்குச் சாமணம். என் பையில் தலை வார ஒரு சீப்பு, கள்ளிக்கு ஒரு சீப்பு. செருப்பை வெளியில் விட்டால் காலையில் தட்டிவிட்டுப் போடுங்கள். புற ஊதா டார்ச் ஒன்று வாங்கிக்கொண்டால் ராத்திரி தேள் பச்சையாக ஒளிரும். பசங்களுக்கு இதைவிடப் பெரிய வேடிக்கை கிடையாது. வறண்ட ஓடைப் படுகையில் விளையாடலாம், ஆனால் மலைப்பக்கம் மேகம் கறுத்தால் உடனே மேலே ஏறிவிடவேண்டும். மழை பத்து மைல் தள்ளிப் பெய்தாலும் வெள்ளம் இங்கே வரும்.

பெரியவர்களுக்கு நடை தேவைப்படாத சுற்றுலா பொரெகோவில் உள்ள கலேட்டா மெடோஸ். ரிக்கார்டோ பிரசேடா செய்த 130க்கும் மேற்பட்ட இரும்புச் சிற்பங்கள் வெட்டவெளியில் நிற்கின்றன: யானை, ஒட்டகம், சாலைக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் எழும் 350 அடி நாகம். கட்டணம் இல்லை, காரிலிருந்தபடியே பார்க்கலாம். கைப்பேசி சிக்னலை நம்பாமல் வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். இன்சுலின், பிரஷர் மாத்திரைகள் இரண்டு நாள் கூடுதலாக இருக்கட்டும்.

பொரெகோ 2009இல் சர்வதேச இருள்வான ஊர் என்று அறிவிக்கப்பட்டது, கலிபோர்னியாவில் முதலாவது. அமாவாசையை ஒட்டிய வாரமாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். வண்டியின் வெளி விளக்கை அணையுங்கள், கையில் சிவப்பு விளக்கு போதும். ஜனவரியில் இரவு எட்டு மணிக்குத் தலைக்கு மேல் கார்த்திகைக் கொத்து, பக்கத்தில் ஆரஞ்சாக ரோகிணி, சற்றுக் கிழக்கே சிவந்த திருவாதிரை. ஆப் வைத்துத் தேடிக்கொண்டிருந்த பசங்களிடமிருந்து மாமா போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு விரலால் காட்டினார். பத்து மணிக்கு அமைதி நேரம் ஆரம்பம். அதற்கு மேல் பேச்சு, பாட்டு, வண்டிக் கதவை அடித்துச் சாத்துவது எதுவும் ஆகாது. நம் வீட்டு ரகசியக் குரலே பக்கத்து சைட்டுக்குக் கேட்கும்.

கிளம்பும் நாள்

பதினொன்றோ பன்னிரண்டோ மணிக்குள் சைட்டைக் காலி செய்யவேண்டும், பத்துப் பேரும் அதற்குள் குளித்து முடிக்கமாட்டார்கள். குளியலை முந்தின நாள் இரவே முடித்துவிடச் சொல்லுங்கள். இரண்டு பேர் மட்டும் வண்டி வேலைக்கு. மற்றவர்களைக் காரில் ஏற்றி முதலிலேயே அனுப்பிவிடுங்கள், ஆலோசனை குறையும். கறுப்பு, சாம்பல், அலசல், குழாய் கழற்றல். மின்பெட்டி பிரேக்கரை அணைத்த பிறகே பிளக். கேஸ் வால்வை மூடுங்கள். ஆனிங், ஆன்டெனா, படி, சக்கரக் கட்டை நான்கையும் ஒருவர் வாய்விட்டுச் சொல்ல மற்றவர் தொட்டுப் பார்க்கட்டும். தொட்டியைக் காலி செய்யாமல் வண்டியைத் திருப்பிக் கொடுத்தால் தனிக் கட்டணம் உண்டு. ஜெனரேட்டர் ஓடிய மணிக்கும் மீட்டர் இருக்கும். எடுக்கும்போது படம் பிடித்த அதே இடங்களையெல்லாம் கொடுக்கும்போதும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசியாக மேல்தட்டு மெத்தையைத் தூக்கிப் பாருங்கள். வாண்டுகளின் காலுறையும் மாமாவின் மூக்குக்கண்ணாடியும் அங்கேதான் இருக்கும்.